மீனுக்குப் பயந்த ஓங்கில்

1

அன்றைக்கு எங்கள் அறையில் இருந்தவர்கள்:

தயாளன் அண்ணை. எங்கள் தீவுக்காரர், சுவிஸில் இருக்கிறார். ஊருக்குப் போகும் வழியில் டுபாயில் இறங்கினார். கழுத்தில் சங்கிலி, கையில் லப்டொப்.

நடேசு அண்ணை. எங்கள் தீவுச் சங்கத்தின் அமீரகக் கிளைத் தலைவர். ஷார்ஜாவில் கார்கோ கடை வைத்திருக்கிறார். கிளையில் எத்தனை பேர் என்று கேட்டால் கோபம் வரும்.

ராணி. என் மனைவி. டைப்பிங் சென்ரரில் வேலை. ஊரில் உள்ளவர்களின் விசாப் படிவம் எல்லாம் நிரப்புவாள். எங்களுடையதை நிரப்பும்போது மட்டும் பிழை வரும்.

அபிரா. என் மகள், பதினாலு வயது. இரண்டு காதிலும் வயர் இல்லாத ஏதோ ஒன்று மாட்டியிருந்தாள். ஆகவே பாதிதான் இருந்தாள்.

நான், குணம்.

ஒரு முழுக் கோழி, புரியாணிக்குள். அது கடைசிவரை இருக்கவில்லை.

இந்தக் கதை ஊரில் ஆளுக்கொரு மாதிரி உலாவுகிறது. வாட்ஸ்அப்பில் எனக்கே ஒன்று வந்தது. அதில் நான் சுறாக்குட்டியைக் கொண்டுபோய்க் குளத்தில் விட்டேனாம். சுறா இல்லை, மடவை மீன். விட்டது நானும் இல்லை. நடந்ததைச் சங்க மலருக்கு எழுதித் தா என்று கேட்டார்கள். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் எழுதுகிறேன். நீட்ட மாட்டேன்.

தயாளன் அண்ணை லப்டொப்பைத் திறந்தார். ஒரு படம். எங்கள் ஜெட்டி. பக்கத்தில் நீலமாக ஒரு குளம், சுற்றிவரக் கதிரைகள். குளத்துக்கு மேலே ஒரு டொல்பின் பறந்துகொண்டிருந்தது. பின்னால் பனைகள். ஜெட்டிக் கக்கூஸ் மட்டும் படத்தில் இல்லை.

"டொல்பின் பார்க்," என்றார். "சனம் வருது, கோயிலக் கும்பிடுது, அடுத்த வள்ளத்தில திரும்பிப் போகுது. ஒரு சோடா குடிக்கிறதில்லை. இது வந்தா நிண்டு செலவழிக்கும்."

"டொல்பின் எங்கயிருந்து வரும்?" நடேசு அண்ணை கேட்டார்.

"அதுதான் விசயம் அண்ணை. வெளிநாட்டில இப்ப உதுக்கு எதிர்ப்பு. வெள்ளைக்காரர் போய்ப் பாக்கிறாங்கள் இல்லை. பெரிய ட்ரவல் கொம்பனியள் ரிக்கற் விக்கமாட்டம் எண்டிட்டினம். தீவு தீவா மூடுறாங்கள். மூடுற இடத்தில மலிவா எடுக்கலாம். குணம் வேலை செய்யிற ஹொட்டேலோடயும் கதைச்சிட்டன். பம்பும் தருவாங்கள், வளையமும் தருவாங்கள்."

"பாவிச்ச டொல்பினோ?"

"ரீகண்டிஷன் எண்டு வையுங்கோவன்."

ஜப்பான்காரன் கழித்துவிட்ட வான்களில்தான் எங்கள் நாடே ஓடுகிறது. எனவே நடேசு அண்ணைக்கு உடனே விளங்கியது.

"அப்ப பாக்கிறதுக்கு ஆள்?"

தயாளன் அண்ணை கையிலிருந்த கோழிக் காலை என் பக்கம் நீட்டினார். "உந்தா இருக்கிறார். டொல்பின் தண்ணியிலயே இவ்வளவு காலம் நிண்ட மனுசன். எங்கட ஆள். மனேஜரா வரட்டும். ஜெட்டிக்குக் கிட்ட வீடு கட்டித் தாறன். குடும்பத்தோட வரலாம்."

ராணி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். "தனி அடுப்போ?" என்று கேட்டாள்.

"தனி வீடு தங்கச்சி. அடுப்பு எத்தினை வேணும்?"

அபிரா ஒரு காதில் இருந்ததைக் கழற்றினாள். "ஜெயில் வோர்டன்," என்றாள். திரும்ப மாட்டிக்கொண்டாள்.

2

நான் பிறந்தது கடவுள் போட்ட தீவு. வேலை செய்தது கொம்பனி போட்ட தீவு. கடலை மண்ணால் தூர்த்தார்கள். மேலே ஹொட்டேல் கட்டினார்கள். பிறகு நடுவில் குளம் வெட்டி, குழாயால் கடல்தண்ணியை உள்ளே இழுத்தார்கள். கடலைத் தூர்த்த இடத்தில் கடல். இதை யோசித்தவனுக்கு என்னைவிடச் சம்பளம் அதிகம்.

எனக்கு பம்ப், பில்டர், தண்ணி. காலையில் உப்புப் பார்க்கவேண்டும், மருந்து கலக்கவேண்டும். மீன் அறையில் ஆள் குறைந்தால் ஐஸ் மீனை உடைத்து வாளியில் போடவேண்டும். மீனின் செவுளுக்குள் மாத்திரை செருகவேண்டும். டொல்பினுக்கு வயிற்றுப்புண் மாத்திரை. எனக்கும் அதே வருத்தம்தான். அதற்குக் கொம்பனி மீனுக்குள் வைத்துக் கொடுக்கும். நான் இன்சூரன்ஸ் கார்ட்டைக் காட்டி வரிசையில் நிற்பேன்.

ஒவ்வொரு டொல்பினுக்கும் ஒரு பைல். என் பெயர் பாஸ்போட்டில் ஒரு மாதிரி, ஐடியில் வேறு மாதிரி, லேபர் கார்ட்டில் அப்பாவின் பெயரே நான். ராணி எத்தனையோ தரம் திருத்தக் கொடுத்தாள். திருத்தி வருவதில் புதுப் பிழை இருக்கும். டொல்பினுக்கு அந்தக் கரைச்சல் இல்லை. எல்லாக் காகிதத்திலும் ஒரே பெயர். ஸ்டார்.

குளத்தில் மூன்று டொல்பின் இருந்தாலும் ஸ்டார்தான் கதாநாயகி. வாயிலில் பெரிய போர்ட். ரீசேர்ட்டில் ஸ்டார், குடையில் ஸ்டார், குடிக்கிற கோப்பையில் ஸ்டார். வாயில் தூரிகையைக் கவ்விப் படம் கீறும். அதையும் விற்பார்கள். நான் வீட்டுக்கு வெள்ளை அடித்தால் அதைவிட வடிவாய் இருக்கும். ஒருத்தரும் சட்டம் போட்டு மாட்டமாட்டார்கள்.

ஸ்டார் செத்தால் வாயிலில் 'பராமரிப்பு வேலை' என்று ஒரு அறிவிப்புத் தொங்கும். பிறகு லொறி வரும். லொறியில் வருவதும் ஸ்டார். போர்ட் மாறாது. பிள்ளைகள் "ஹாய் ஸ்டார்" என்பார்கள். அது தலையை ஆட்டும். ஆட்டினால் மீன் உண்டு.

முதல் தரம் நடந்தபோது நான் மனேஜரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "கலாஸ், முடிந்தது. யல்லா, போய்ப் பம்பைப் பார்," என்றார். நாங்கள் வெளியில் வாய் திறப்பதில்லை. கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

இப்போது நான் அங்கே இல்லை. ஒரு கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் பம்ப் பார்க்கிறேன். அங்கே ஒன்றும் சாவதில்லை.

3

எங்கள் அறைச் சுவரில் ஒரு படம் இருக்கிறது. அபிரா சின்னப் பிள்ளை. ஸ்டாரின் மூக்கைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறாள். ஊழியர் குடும்ப நாளில் இலவசமாய் எடுத்தது. ஸ்டாரின் முதுகுச் செட்டையில் கத்தரியால் வெட்டியதுபோல் ஒரு துண்டு இல்லை. அந்த நாளில் அபிரா பள்ளிக்கூடம் முழுக்க இதைச் சொல்லித் திரிந்தாள். என் அப்பாவிடம் டொல்பின் இருக்கிறது என்று. ராணி, உன்ர அப்பாவிட்ட பம்ப்தான் இருக்கு என்று திருத்துவாள்.

ஒருநாள் கேட்டாள், "அப்பா, ஸ்டாருக்கு என்னை ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும்," என்றேன்.

அந்தப் பிள்ளை வளர்ந்தாள். தமிழ் குறைந்தது, ஆங்கிலம் கூடியது. போன வருசம் அவள் வகுப்பை டொல்பின் ஷோவுக்குக் கூட்டிப் போக ஏற்பாடு. பெட்டைகள் சேர்ந்து நாங்கள் வரமாட்டோம் என்றார்கள். இந்த நாட்டில் கொடி பிடிக்க ஏலாது, கத்த ஏலாது. எனவே மரியாதையாக ரீச்சரிடம் போய், "மிஸ், வேண்டாம்," என்றார்கள். முன்னுக்கு நின்றது இவள். ரீச்சர் நல்ல மனுசி. வகுப்பைத் தீயணைப்பு நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினார். அங்கே ஒருவனும் வளையத்துக்குள்ளால் பாயவில்லை. பிள்ளைகளுக்குத் திருப்தி.

அப்பா என்ன வேலை என்று கேட்டால் 'தண்ணித் துறை' என்று சொல்லத் தொடங்கியிருந்தாள்.

தயாளன் அண்ணை வந்து போன பிறகு படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். ராணி நேராக்கினாள். அடுத்த நாள் திரும்பவும் முதுகு. படம் காற்றாடிமாதிரிச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் நான் சோறு சாப்பிடும்போது எதிரில் வந்து இருந்தாள்.

"அப்பா, உங்களுக்குத் தெரியும்தானே. இட்ஸ் ரோங்."

"ஓம்."

"தென் வை?"

"உன்ர ஸ்கூல் ஃபீஸ்."

அவள் என் கோப்பையில் தண்ணி ஊற்றினாள்.

"உங்களுக்கு ஊருக்குப் போக விருப்பமா?"

"ஓம்."

"நானும் வருவன். ரியலி. அங்க நெட் ஸ்லோ எண்டாலும் வருவன். பட் டொல்பினோட வேண்டாம். அப்பா, சும்மா போவமே?"

சும்மா போனால் சும்மா இருக்கவேண்டும். "சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

4

ராணியைப் பிழை சொல்ல ஒருவருக்கும் வாய் இல்லை. எங்கள் பிளட்டில் மூன்று குடும்பம், ஒரு குசினி. கேரளாக்காரர் முதலில், பிறகு பீகார்க்காரர், கடைசியில் நாங்கள். எங்கள் முறை வரும்போது அடுப்பில் மற்ற இரண்டு மாநிலமும் ஒட்டியிருக்கும். மூன்று ஊர்த் தாளிதமும் போர்வையில் மணக்கும். தனி அடுப்பு என்றதும் அவள் கண்ணில் வந்ததை நான் கலியாணத்தன்றும் பார்க்கவில்லை.

நடேசு அண்ணை கடையிலிருந்து காட்போட் பெட்டிகளை இலவசமாய் அனுப்பிவிட்டார். அறை வாசலில் கூரை முட்ட அடுக்கினோம். கக்கூசுக்குப் போகிறவர் பக்கவாட்டில் நடக்கவேண்டும். கேரளாக்காரி, "சேச்சி போகுந்நோ?" என்று கேட்டாள். ராணி, "பாப்பம்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நானும் போக விரும்பினேன். இதை எழுதி வைக்கிறேன். பிறகு ஒருவரும் என்னைத் தியாகி என்று சொல்லவேண்டாம்.

டோஹாவில், நஜ்மா என்ற இடத்தில் இருக்கும் என் மச்சான் குரல்செய்தி அனுப்பினான். அவனுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தத்துவம் வரும். "மச்சான், யோசிச்சுப் பார். நாங்களும் அடைபட்ட டொல்பின்தானடா. பாஸ்போட்டக் குடுத்திட்டு வளையத்துக்குள்ளால பாயிறம்."

நான் பதில் போட்டேன். "நீ ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா லீவில போறாய். போய்ச் சண்டை பிடிச்சுக்கொண்டு வாறாய். அதுக்கு லீவு இல்லை. உனக்கு ரிட்டேன் ரிக்கற் இருக்கு. அதுக்கு இல்லை. நீ டொல்பின் இல்லை. படு."

5

எங்கள் தீவில் ஒரு பழக்கம் உண்டு. தெரியாத இளசுகளுக்காக எழுதுகிறேன்.

கரைவலை இழுக்கும்போது வெளியில் ஓங்கில் நிற்கும். டொல்பினுக்கு எங்கள் கடற்கரையில் அதுதான் பெயர். அது மீனைக் கரைப்பக்கம் விரட்டும். நாங்கள் இழுப்போம். யார் யாருக்கு உதவி என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வலை ஏறியதும், பங்கு பிரிக்க முன்னம், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒரு கை மீனை அள்ளிக் கடலுக்கு எறிவார். துடிக்கிற மீனாய் இருக்கவேண்டும். செத்ததை எறிந்தால் மரியாதை இல்லை. அதுதான் ஓங்கில் பங்கு. அன்பு, பாசம் என்று ஒன்றும் இல்லை. என் அப்பா எறியும்போதே தூசணத்தால் பேசுவார். போன கிழமை வலையைக் கிழித்ததும் அதே ஓங்கில்தான்.

சண்டைக் காலத்தில் கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். நேவிக்காரன் பாஸைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், திரும்பவும் பாஸைப் பார்ப்பான். பல நாள் பாஸ் இல்லை. வள்ளங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கரையில் குந்தியிருப்போம். ஓங்கில் பாஸ் இல்லாமல் போய் வந்தது. எங்களுக்குப் பொறாமை. எங்களுக்கும் அதற்கும் உள்ள பழக்கம் இவ்வளவுதான். கொஞ்சம் கோபம், கொஞ்சம் பொறாமை, ஒரு கை மீன்.

சனிக்கிழமை எல்லோரையும் ஹொட்டேல் தீவுக்குக் கூட்டிப் போனேன். தயாளன் அண்ணை சாமானை நேரில் பார்க்கவேண்டும் என்றார். அபிரா வரமாட்டேன் என்றாள். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "ஸ்டாரைப் பாக்க மட்டும்," என்றாள்.

படகுத் துறைக்கு நடேசு அண்ணை ஒரு தண்ணிக் கானோடு வந்தார். உள்ளே ஏதோ ஓடியது.

"அதென்ன அண்ணை?"

"மடவை. விடிய எழும்பிக் கோர்னிஷ் கடற்கரையில தூண்டில் போட்டனான். பாணைக் குழைச்சுப் போட அள்ளிக்கொண்டு வருது."

"ஏன்?"

"ஓங்கிலிட்ட வெறுங்கையோட போறதோ? நீ எந்த ஊரடா?"

"அங்க ஐஸ் மீன் குடுப்பினம்."

"அது அவையின்ர. இது எங்கட பங்கு."

வாசலில் நேபாளக் காவல்காரப் பொடியன் கானைப் பார்த்தான். என் யூனிபோமைப் பார்த்தான். "பாய், கிச்சன் கா மச்லி?" என்று கேட்டான், குசினி மீனோ என்று. நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது அந்த இடத்தில் எல்லோருக்கும் பழகியதுதான்.

ஷோ தொடங்கியது. பாட்டுப் போட்டார்கள். ஜாய் என்ற பிலிப்பைன்ஸ் பிள்ளைதான் பயிற்சி கொடுப்பவள். அவள் விசில் ஊத, ஸ்டார் பாய்ந்தது, சுற்றியது, வாலால் நின்றது. தயாளன் அண்ணை கைதட்டித் தட்டிப் படம் எடுத்தார். ராணி கூரையையும் கதிரையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் கதிரைக்கு எங்கே போவது என்று யோசித்தாளாம்.

முடிவில் சனத்தைக் கரைக்குக் கூப்பிட்டார்கள், படம் எடுக்க. அபிரா குனிந்து, மெல்லமாய், "ஹாய் ஸ்டார்," என்றாள். அது தலையை ஆட்டியது. ஜாய் மீன் போட்டாள். அபிரா அதன் முதுகைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இதில ஒரு கட் இருந்ததே. அது ஆறிட்டுதா?"

"ம்," என்றேன்.

"செட்டை திரும்ப வளருமா?"

அதற்குள் நடேசு அண்ணை மற்றப் பக்கம் நின்று கானைக் கவிழ்த்துவிட்டார். "இந்தா, பிடி!" என்று ஊரில் கத்துவதுபோல் கத்தினார். மடவை விழுந்தது. ஒரு சாண் இருக்கும். விழுந்த வேகத்தில் நேரே ஸ்டாரின் முகத்துக்கு முன்னால் ஓடியது.

ஸ்டார் கீச்சிட்டது. பின்னுக்குப் போனது. உடம்பைத் திருப்பி, குளத்தின் தூர மூலைக்கு ஓடி, சுவரோடு ஒட்டி நின்றது. மற்ற இரண்டும் பின்னால் போய் ஒட்டின. மூன்றும் அந்த மூலையில், ஊசி போட வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்மாதிரி. நடுக் குளத்தில் மடவை தனியாய் வட்டம் போட்டது.

ஜாய் விசில் ஊதினாள். ஒன்றும் அசையவில்லை. வாளியைத் தட்டினாள். அசையவில்லை. பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது. சனம் முதலில் சிரித்தது. பிறகு ஒரு குழந்தை அழுதது. மற்றக் குழந்தைகளும் சேர்ந்துகொண்டன. அடுத்த ஷோவும் இல்லை என்று அறிவித்தார்கள்.

"அது ஒருநாளும் உயிர்மீன் கண்டதில்லை பாய்," என்றாள் ஜாய் என்னிடம், அரைகுறை ஹிந்தியில். "குளத்தில பிறந்தது. அதுக்கு மீன் எண்டா வாளியில கிடக்கிறது. மீன் நீந்தும் எண்டு அதுக்குத் தெரியாது."

மடவையைப் பிடிக்கும் வேலை எனக்கு. நீட்டுத் தடியில் வலை. அது நல்ல கெட்டிக்கார மடவை. பின்னேரம் வரை ஆட்டம் காட்டியது. டொல்பின்கள் மூலையிலிருந்து பார்த்தன. அன்றைக்கு ஷோ காட்டியது நானும் மடவையும்தான். ரிக்கற் இல்லை.

மனேஜர் கூப்பிட்டார். நாற்காலி காட்டவில்லை. இன்னொரு தரம் ஏதும் நடந்தால் கலாஸ் என்றார். "மாஃபி வேலை, மாஃபி விசா," என்றார். இரண்டும் இல்லையாம். எனக்கு விளங்கவேண்டும் என்று மூன்று மொழியில் சொன்னார். முதல் மொழியிலேயே விளங்கிவிட்டது.

6

திரும்பும் படகில் மடவை வாளிக்குள் இருந்தது. நடேசு அண்ணை கறிக்குக் கேட்டார். குளத்து மருந்து மணந்தது. நடுவில் கடலில் விட்டேன். அது திரும்பிப் பார்க்கவில்லை.

"தம்பி, நான் பங்குதான் போட்டனான்," என்றார் நடேசு அண்ணை. "அறுபது வயசில இப்பிடி ஒண்டக் காணேல்லை. ஓங்கில் மீனுக்குப் பயப்பிடுறதோ? புலி ஆட்டுக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழ பூந்தமாதிரி."

"அது பெரிய பிரச்சினை இல்லை அண்ணை," என்றார் தயாளன் அண்ணை. "உயிர்மீன் போடாதேங்கோ எண்டு ஊரில ஒரு போர்ட் வைச்சாச் சரி."

"எங்க வைப்பாய்? சுத்திவரக் கடலடா."

"வேலி போடலாம்."

"மீனுக்கோ?"

தயாளன் அண்ணை கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடத்துக்குத் தண்ணித் தாங்கி கட்டித் தந்தவர். ஊரில் ஏதாவது அசையவேண்டும் என்ற ஆசை அவருக்கு. அசைவதற்கு டொல்பின்தான் கிடைத்தது. ஊருக்கு ஓங்கில் காட்டவேண்டுமென்றால் சனத்தை வள்ளத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோங்கள் என்று நான் சொன்னேன். வந்தால் வரும். வராவிட்டால் பாதிக் காசைத் திருப்பிக் கொடுங்கள்.

"குணம், அது வராட்டி?" என்றார்.

"வராது எண்டும் சனம் பாக்கட்டும்."

"உன்னை வைச்சு யாவாரம் செய்ய ஏலாதடா," என்று சிரித்தார். "ஆனா மனேஜர் நீதான். வாற கிழமை ஊரில கூட்டம். வீடியோவில வா. உன்ர வாயால ரெண்டு வார்த்தை சொன்னாச் சனம் கை தூக்கும். நீ நேரில கண்ட சாட்சி."

ராணி என் பக்கத்தில் இருந்தாள். கைப்பையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். அபிரா படகின் பின்பக்கம், தனியாக.

7

கூட்டம் சனசமூக நிலையத்தில். இங்கே எங்கள் குசினி முறை நேரம். ராணி கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் பெட்டி அடுக்கில் போனைச் சாய்த்து வைத்தேன். அதுதான் எங்கள் வீட்டில் நிமிர்ந்து நிற்கும் ஒரே சாமான்.

போனுக்குள் ஊர் தெரிந்தது. பாதி ஊர், மீதி யாருடையதோ பிடரி. முன் வரிசையில் கடற்தொழிலாளர் சங்கத் தலைவர், பிலிப்பு சம்மாட்டி. என் அப்பா அவருடைய வலையில் இழுத்தவர். தயாளன் அண்ணை மைக்கோடு நின்றார். பேச்சு நன்றாய்ப் போனது. வேலை என்றார், பொடியள் வெளிநாடு போகத் தேவையில்லை என்றார். கைதட்டினார்கள். எனக்கும் தட்டவேண்டும்போல் இருந்தது.

மடவைக் கதை அங்கே முந்திப் போய்ச் சேர்ந்திருந்தது. பின்னாலிருந்து ஒருவன், "அண்ணை, அது சின்னச் சூடை மீனுக்கும் பயப்பிடுமோ?" என்று கேட்டான். சபை விழுந்து விழுந்து சிரித்தது. தயாளன் அண்ணையும் சிரித்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"பகிடி பிறகு. கணக்குக் கேளுங்கோ. டொல்பின் ஒருக்கா வாங்கினாக் காணும். அங்க ஸ்டார் எண்டு ஒண்டு. ஹொட்டேல் திறந்த நாளில இருந்து அதே டொல்பின்தான். ஒரு தடிமன் காய்ச்சல்கூட வரேல்லை. நான் சொல்லேல்லை, ஹொட்டேல்காரர் எழுதித் தந்தது. குணம் லைனில இருக்கிறான். அவனிட்டக் கேளுங்கோ."

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பிலிப்பு சம்மாட்டி எழும்பி, போனுக்குக் கிட்ட வந்தார். திரை முழுக்க அவருடைய மூக்கு.

"குணம், கேக்குதோ?"

"கேக்குது."

"உன்ர கொப்பன் எனக்குப் பொய் சொன்னதில்லை. மீனை ஒளிச்சிருக்கிறான், பொய் சொன்னதில்லை. நீ சொல்லு. அந்த ஒண்டுதானோ இவ்வளவு காலமும்?"

எனக்குப் பின்னால் எண்ணெய்ச் சத்தம் நின்றது. ராணி அடுப்பை அணைத்துவிட்டாள். எங்கள் முறை இன்னும் முடியவில்லை, ஆனாலும் அணைத்தாள். அபிரா கட்டிலில் இருந்தாள். ஒரு காதில் இருந்ததைக் கழற்றினாள். பிறகு மற்றதையும் கழற்றினாள். படம் அன்றைக்கு நேராய்த்தான் மாட்டியிருந்தது. செட்டையில் துண்டு இல்லாத ஸ்டார்.

"இல்லை," என்றேன்.

தயாளன் அண்ணையின் மைக் கீச்சென்றது. ராணி வாசலில் வந்து நின்றாள், பெட்டிகளுக்குப் பக்கத்தில், அகப்பையோடு.

"இஞ்சரப்பா," என்றாள். "கேக்கினம். முழுசாச் சொல்லுங்கோ."

"அப்ப எத்தினை ஸ்டார்?" என்றார் சம்மாட்டி.

"நாலு," என்றேன்.